சேற்றில் ஐந்து விரல்கள்

எதிரணிக்காரன் கைக்குப் பந்தே போகாவிட்டால் அவன் எப்படி ஜெயிப்பான்? சொல்லுங்கள் பார்க்கலாம். அவன் தோள் பீரங்கியாகவே இருக்கட்டும். ஐம்பது கஜத்துக்கு அப்பால் ஓடுகிறவன் மடியில் பந்தைப் பூப்போல இறக்கிவைக்கிற கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பீரங்கி வெடிக்குமா?

வெடிக்காது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் காலவே என்ற சின்ன ஊரில், 1983 நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அப்படியொரு பீரங்கி ஒன்பது நிமிடம் பத்து விநாடி வெடிக்காமல் உட்கார்ந்திருந்தது. அதை உட்காரவைத்தவர் கடவுள் என்று மறுநாள் ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார்கள். பந்தோடு ஓடிய மோப்ளி என்று பத்திரிகையில் போட்டார்கள். உட்காரவைத்தது ஐந்து பேர். அவர்களில் ஒருவன் ஓரிஸ் தாக்ஸ்டன். அந்தப் பத்திரிகையை முன்பக்கத்திலிருந்து டிராக்டர் விளம்பரம் வரை சலித்தாலும் அவன் பெயர் கிடைக்காது.

ஓரிஸ் பிறக்கும்போதே பதினொரு பவுண்டு. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடப் பேருந்தில் இரண்டு பேர் இருக்கை அவன் ஒருவனுக்கே போதாது. ஆனால் அந்தப் பெரிய உடம்புக்குள் குடியிருந்தது ஒரு மெல்லிய கனவுக்காரன். பேருந்து ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே பருத்திச் செடி வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். ஒரு கணம் இரண்டு வரிசைகளுக்கு நடுவே கருமண் பாதை அடிவானம் வரை நேராகத் தெரியும். அடுத்த கணம் மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் அந்தப் பாதைக்குள் நுழைந்து கடைசி வரை போய்விட முடியுமா என்று அவன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பான். இறங்க வேண்டிய இடத்தைப் பல நாள் தவறவிட்டிருக்கிறான்.

அவன் அம்மா லுவீனியா கெளுத்தி மீன் ஆலையில் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரம் நின்றபடியே, முழங்கை வரை பனித்தண்ணீரில் கைவிட்டு மீனைத் தோலுரிக்கும் வேலை. ஒருநாள் அவளிடம் சொன்னான்.

"அம்மா, ரெண்டு வரிசையும் தூரத்துல போயி ஒட்டிக்குது பாரேன்."

"ஒட்டாதுடா கண்ணு. சின்ன வயசுல நான் நடந்தே பாத்திருக்கேன். கடைசி வரைக்கும் முள்ளுதான்."

ஒட்டவில்லை என்றால் ஏன் ஒட்டுவதுபோலத் தெரிகிறது? இந்தக் கேள்விக்குப் பாதிரியாரிடம் பதில் இல்லை. வடிவக் கணிதப் புத்தகத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஓரிஸுக்கு ஒரே கனவு. கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும், சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு இழுக்க வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும்.

அதற்குக் கல்லூரி வேண்டும். கல்லூரிக்குப் பணம் இல்லை, உடம்பு இருந்தது.

காலவே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வில்லார்ட் ஹாகன் ஒரு பிப்ரவரி மாலை அவர்கள் வீட்டுக்கு வந்தார். பொரித்த கெளுத்தியும் சோள ரொட்டியும் சாப்பிட்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். பிறகு லுவீனியாவின் ஈரம் ஊறி வெடித்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷம்மா. நாலு வருஷம் உங்க பையன் என் பையன். படிப்பு, சாப்பாடு, தங்குற இடம், எல்லாம் எங்க பொறுப்பு."

லுவீனியா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். வாயில் நாலு ஆண்டு. தாளில் ஓர் ஆண்டு. ஒவ்வொரு ஜூனிலும் பயிற்சியாளர் மனம்வைத்தால் புதுப்பிக்கப்படும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொய்ப் பத்திரம் இல்லை, கல்லூரி விளையாட்டில் நாடு முழுக்க அப்போது அதுதான் சட்டம். சட்டம் என்பதாலேயே நியாயம் ஆகிவிடுமா? அந்த வீட்டில் யாரும் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. விருந்தாளியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அவர் கொடுத்த தாளைப் படிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர் அது.

ஓரிஸ் அணியின் முன்வரிசையில் இடது கார்டு ஆனான்.

ஆட்டம் எளிது. நாலு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும்; ஒவ்வொரு முயற்சியையும் ஓர் ஆட்டம் என்றே சொல்வார்கள். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. முன்னேற இரண்டு வழி. ஒன்று, பந்தை எறிவது. அழகான வழி; ஆனால் எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் அது தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும், ஒரு முயற்சியும் வீண். மற்றது, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது. மூன்று கஜம், நாலு கஜம், முகமெல்லாம் சேறு. அழகில்லை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரியின் தடுப்பாளர்கள் முட்டுப்பட்டு முட்டுப்பட்டுக் கடைசிக் கால்மணி நேரத்தில் மூச்சு வாங்குவார்கள். அதைவிட முக்கியம், ஓட்டம் வரும் என்ற பயம் இருந்தால்தான் எதிரி முன்னால் குவிவான். அவன் முன்னால் குவிந்தால்தான் பின்னால் காலியாகும். பின்னால் காலியானால்தான் எறிகிறவன் கெட்டிக்காரனாகத் தெரிவான்.

இந்த ஓட்டத்துக்கு வழி திறப்பது முன்வரிசையின் ஐந்து தடியர்கள். நடுவில் சென்டர், அவன் இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு அப்பால் ஓரத்துக்கு ஒருவர். எதிரே நிற்பவனை இடித்து, திருப்பி, தள்ளி, ஒரு கணம் ஒரு கதவைத் திறப்பார்கள். ஓடுகிறவன் மூடுவதற்குள் நுழைந்துவிடுவான். ஓடுகிறவனின் ஒவ்வொரு கஜத்தையும் எண்ண மைதானத்தின் மாடியில் ஓர் ஆள் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தவனுக்கு அவர் தாளில் கட்டமே கிடையாது.

ஓரிஸுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கோணம்தான் அவனுக்குப் பிடித்தது. எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் சரி, அவன் விலா எலும்புக்குக் கீழே தோளைச் சரியான கோணத்தில் கொடுத்தால் கதவு மாதிரித் திரும்புவான். இரண்டு உடம்புகளுக்கு நடுவே பச்சைப் புல் நீளமாகத் தெரியும். அந்தக் கணத்தில் அவனுக்குச் சத்தமே கேட்காது. தண்ணீருக்கடியில் நிற்பதுபோல இருக்கும்.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில், பயிற்சியின்போது யாரோ அவன் இடது முட்டியின் மேல் சரிந்து விழுந்தார்கள். உள்ளே ஏதோ நழுவித் திரும்ப உட்கார்ந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின ஜூனில், தோள்பட்டை போன ஒருவனுக்குத் தாள் புதுப்பிக்கப்படவில்லை. அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்ததை எல்லாரும் விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். ஓரிஸுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி. முட்டி போனது தெரிந்தால் கரும்பலகையும் போகும். அவன் முட்டியில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆடினான்.

சென்டராக ஆடிய டூலி கிராப் ஒருவனுக்குத்தான் தெரியும். சோயா விவசாயி வீட்டு வெள்ளைக்காரப் பையன். வாய் ஓயாது.

"டேய் பெருசு, குளிக்கும்போது பாத்தேன். முட்டியா அது? முலாம்பழம் மாதிரி இருக்குடா."

"வாய மூடு."

"நான் மூடிருவேன். அது மூடுமா?"

அந்த நவம்பர் சனிக்கிழமை, பருவத்தின் கடைசி ஆட்டம் போர்ட் லாரல் கல்லூரியோடு. இரண்டு நாள் தூறல். ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி மைதானத்தின் ஒரு மூலையில் வந்து படுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பருத்தி ஆலையிலிருந்து பறந்து வந்த பஞ்சு வேலிக் கம்பி நெடுக ஒட்டி, பனி பெய்யாத ஊரில் பனி பெய்ததுபோல் இருந்தது. லுவீனியா ஆலையில் விடுப்புக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

போர்ட் லாரலிடம் இருந்தான் அந்தப் பீரங்கி, பொன்னிறத் தலையன். காலவேயிடம் எறிவதற்கு ரிட்லி என்ற சுமாரான பையன். அதனால் ஹாகனின் திட்டம் ஒன்றே ஒன்று: ஓடு, ஓடு, மேலும் ஓடு. சில்வெஸ்டர் மோப்ளியிடம் பந்தைக் கொடு, இடது பக்கம் ஓரிஸுக்கும் டூலிக்கும் நடுவில் ஓட்டு. வருடம் முழுக்கப் பலித்த திட்டம்.

அன்று பலிக்கவில்லை. ஓரிஸுக்கு எதிரே 74 என்ற சட்டை எண்ணோடு க்ளோவிஸ் என்று ஒருவன். நீளமான கை, கழுத்தில் சிலுவை, வாயில் நக்கல். ஓட்டம் என்றால் முன்கூட்டியே உள்ளே பாய்ந்து, கதவு திறக்குமுன் நிலைவாசலில் நின்றான். எறி என்றால் சாவகாசமாகச் சுற்றிப் போனான்.

"வாங்க பெருசு, வாங்க. இந்தப் பக்கந்தான வர்றீங்க? ஒங்களுக்குக் காப்பி போட்டு வச்சிருக்கேன்."

மோப்ளி எழுந்து வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். "டேய் ஓரிஸ், என்னடா நடக்குது? நான் வர்றதுக்கு முன்னாடியே அவன் அங்க நிக்கிறான். எங்க வீட்டுக் கடன்காரன் கூட அவ்வளவு சீக்கிரம் வர மாட்டான்டா!"

ஓரிஸ் யோசித்துக்கொண்டிருந்தான். ஒருவனுக்கு ஒன்று முன்கூட்டியே தெரிகிறது என்றால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆவி வந்து சொல்லாது. அப்படியானால் யார்?

நாலு கால் பகுதிகள் கொண்ட ஆட்டத்தில் இரண்டாம் காலின் கடைசியில் மோப்ளி மீது ஏழெட்டுப் பேர் விழுந்து, ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருந்தார்கள். ஓரிஸ் முட்டி வலியில் மெல்ல எழுந்தபோது, தான் சற்று முன் குனிந்து நின்ற இடம் கண்ணில் பட்டது. சேற்றில் ஐந்து குழிகள். அவன் வலது கை விரல்கள் பதிந்த இடம். இரண்டாம் கணு வரை இறங்கியிருந்தன. குழிகளில் மெல்லத் தண்ணீர் ஊறி, ஐந்திலும் சாம்பல் நிற வானம் தெரிந்தது.

அடுத்தது எறி. முடிந்ததும் போய்ப் பார்த்தான். விரல் பட்ட தடம் மட்டும் இருந்தது, குழி இல்லை.

அடுத்தது ஓட்டம். ஐந்து ஆழமான குழிகள்.

சொன்னது யார் என்று தெரிந்துவிட்டது. அவன் கைதான் சொன்னது. நல்ல முட்டியாக இருந்தவரை குனிந்து நிற்கும்போது பாரம் காலிலும் கையிலும் சமமாக இருந்தது. வலி வந்த பிறகு, முன்னால் பாய வேண்டிய ஆட்டங்களில் முட்டியைக் காப்பாற்றப் பாரத்தை எல்லாம் கையில் ஊன்றியிருக்கிறான். எறியும்போது பின்னால் நகர வேண்டும், அப்போது ஊன்ற முடியாது. க்ளோவிஸ் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் அவன் விரல்களைத்தான் பார்த்தான்.

பாதி ஆட்டத்தில் போர்ட் லாரல் பத்து, காலவே மூன்று.

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் டூலியிடம் சொன்னான். டூலி ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்தான்.

"சரி, அப்ப கோச்கிட்ட சொல்லு."

"எப்படிடா சொல்ல? ஏன் கைய ஊணுறன்னு கேப்பாரு."

"சொல்லாம விட்டா தோப்போம்."

"சொன்னா நான் போவேன்."

டூலி கழற்றிய ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அறைக்குள் ஹாகன் சத்தம் போடவில்லை. அவர் கோபம் வந்தால் ஜெபம் செய்கிற வகை. "எல்லாரும் முட்டி போடுங்கடா," என்றார். ஐம்பது பேர் சேற்றுச் சட்டையோடு முட்டி போட்டார்கள். ஓரிஸுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றாலும் கூட்டத்தோடு மரியாதைக்கு முட்டி போடுவது வழக்கம். அன்று முட்டி மடங்கவில்லை. அறை முழுக்கத் தலைகள் தாழ்ந்திருக்க, அவன் ஒருவன் மட்டும் நடுவில் தூண்போல நின்றான்.

ஹாகன் கண்ணைத் திறந்தார்.

"தாக்ஸ்டன்! கர்த்தர் முன்னாடி முட்டி போடக்கூட வலிக்குதாடா உனக்கு?"

"ஆமாங்க கோச். வலிக்குது."

நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

"தெரியும்டா. உன் அவநம்பிக்கைதான் அந்தப் பக்கத்த அடைக்குது. ஒருத்தன் நம்பலன்னா போதும், மொத்த வரிசையும் சரிஞ்சிரும்."

ஓரிஸ் இதையும் விட்டுவிட்டிருக்கலாம். தலையைக் குனிந்து, ஆமென் சொல்லி, தோற்றுவிட்டு, ஜூனில் தாளை வாங்கியிருக்கலாம். ஆனால் அறையில் இருந்த ஐம்பது பேரும் தாங்கள் போதுமான அளவு நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மோப்ளி கண்ணை இறுக்கி மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காரணம் ஒன்று இருக்கும்போது, அது தன் கையிலேயே இருக்கும்போது, இத்தனை பேர் இல்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"நெசமாவே வலிக்குதுங்க கோச். இடது முட்டி. அஞ்சு வாரமாச்சு. அதனால ஓடுற ஆட்டத்துல கைய அழுத்தி ஊணுறேன், விரல் சேத்துல இறங்குது. எறியுற ஆட்டத்துல இறங்கல. அந்த எழுபத்தி நாலு அதப் படிக்கிறான். நான் கவனிச்ச கடைசி மூணு ஆட்டத்துல மூணையும் சரியாப் படிச்சான். இதுல நம்பிக்கை எங்க வந்துச்சு?"

வெளியே தூறல் தகரக் கூரையில் மெல்ல விரல் தட்டியது.

ஹாகன் அவன் முட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என்ன செய்யலாங்குற?"

"பொய் சொல்லலாம். எறியப் போற ஆட்டத்துல நான் நல்லா அழுத்தி ஊணுறேன். ஓட்டம்னு நெனச்சு எல்லாரும் முன்னாடி பாய்வாங்க."

"ஒரு தடவதான்டா நம்புவான்."

"ஒரு தடவ போதும்ங்க. அதுக்கப்புறம் அவன் என் கைய நம்பவே மாட்டான்."

மூன்றாம் காலில், எதிரியின் முப்பத்தெட்டாவது கஜத்தில், ஓரிஸ் குனிந்தான். ஐந்து விரல்களையும் மணிக்கட்டு நோகச் சேற்றில் புதைத்தான். க்ளோவிஸின் கண்கள் கீழே இறங்கி, ஒளிர்ந்து, மேலே வந்தன. "சூடா காப்பி!" என்று தன் ஆட்களுக்குக் கத்தினான். பந்து வந்தது. போர்ட் லாரலின் ஒன்பது பேர் முன்னால் பாய்ந்தார்கள். ரிட்லி பந்தை மோப்ளிக்குக் கொடுப்பதுபோல் காட்டி, இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து, யாருமே இல்லாத வெளியில் எறிந்தான். அது மோசமான எறிதான், ஆடி ஆடிப் போயிற்று. ஆனால் ஓடிப் போனவனைச் சுற்றி இருபது கஜத்துக்கு ஆள் இல்லை. அவன் எல்லைக்கோட்டைக் கடக்க, ஏழு புள்ளி; பத்துக்குப் பத்து.

க்ளோவிஸ் ஓரிஸை மெச்சுகிறவன்போலப் பார்த்தான். "எப்படா கண்டுபிடிச்ச?"

"கொஞ்சம் முன்னாடி."

"கெட்ட பயடா நீ."

அதற்குப் பிறகு க்ளோவிஸ் கையைப் பார்ப்பான், பார்த்ததை நம்பலாமா என்று யோசிப்பான். கண் இமைக்கிற நேரம்தான். முன்வரிசையில் அது போதும். யோசிக்கிறவன் நிமிர்ந்துவிடுவான். நிமிர்ந்தவனுக்கு விலா தெரியும்.

ஒன்பதரை நிமிடம் பாக்கி இருந்தபோது, தங்கள் எல்லையிலிருந்து பன்னிரண்டாவது கஜத்தில் காலவேக்குப் பந்து கிடைத்தது. இன்னும் எண்பத்தெட்டு கஜம் போக வேண்டும். ஹாகன் எறியச் சொல்லவே இல்லை.

அதன் பிறகு நடந்ததை ஓரிஸ் வாழ்நாள் முழுக்க ஒரு கனவைப் போலத்தான் சொல்வான், அதுவும் கேட்டால்தான். மூடுபனி மூலையிலிருந்து எழுந்து மைதானத்துக்குள் நடந்து வந்தது. விளக்குகளைப் பகலிலேயே போட்டார்கள். ஒளி பாலில் கரைந்ததுபோல் எங்கும் பரவிற்று. பார்வையாளர்கள் மறைந்தார்கள், அவர்கள் சத்தம் மட்டும் எங்கோ கடல்போல ஏறி இறங்கியது. குனி. ஊன்று. இடி. திறக்கிறது. மோப்ளியின் மூச்சு காதருகே கடந்து போகிறது. மூடுகிறது. நாலு கஜம். எழு. குனி. ஐந்து கஜம். டூலி ஒவ்வொரு முறையும் ஏதோ பாடினான், எல்லாம் ஒரே வரி. எதிரே க்ளோவிஸின் நக்கல் நின்றது, பிறகு பேச்சு நின்றது, பிறகு கைகள் இடுப்புக்குப் போய்விட்டன. பதினோராவது ஆட்டத்தில் அவன் தலை தொங்க முணுமுணுத்தான்.

"எறிங்கடா ஒரு தடவயாவது. கொஞ்சம் நிக்கலாம்ல?"

"எங்க பையனுக்கு எறியத் தெரியாதுப்பா," என்றான் டூலி. க்ளோவிஸ் சிரித்தே விட்டான்.

எதிரிப் பக்கத்தில், பொன்னிறத் தலையன் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருமுறை எழுந்து நின்றான். திரும்ப உட்கார்ந்தான். கடிகாரம் மட்டும் ஓடியது. அவனை யாரும் தோற்கடிக்கவில்லை. அவனுக்கு நேரமே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓரிஸுக்கு முட்டி வலித்ததா? வலித்தது. ஆனால் அந்த வலி வேறு யாருடையதோபோல், அடுத்த அறையில் யாரோ அழுவதுபோல், கேட்டுக்கொண்டிருந்தது. ஹாகனுக்கு எல்லாம் தெரியும். அவனை வெளியே எடுக்க அவருக்குப் பதினேழு வாய்ப்புகள் இருந்தன.

பதினேழாவது ஆட்டம், எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம். ஓரிஸ் க்ளோவிஸின் விலாவுக்குக் கீழே தோளைக் கொடுத்தான். திறந்தது. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு அகலமாக ஒரு கதவு திறந்ததில்லை. மோப்ளி நடந்தே போனான். அந்தக் கணத்தில்தான் முட்டிக்குள் இருந்தது நழுவியது, திரும்ப வந்து உட்காரவில்லை.

இருபது விநாடிதான் பாக்கி. பதினேழுக்குப் பத்து. கடிகாரம் முடியும்வரை காத்திராமல் மைதானத்துக்குள் கூட்டம் கொட்டியபோது, ஓரிஸ் எல்லைக்கோட்டில் மல்லாந்து படுத்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வந்தது க்ளோவிஸ். பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் மிதிக்காமல் தன் நீளக் கையால் மறித்துக்கொண்டான். அடுத்து வந்தது லுவீனியா, பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடக்க.

"கண்ணு, எந்திரி."

"முடியலம்மா."

"ஜெயிச்சாச்சுடா."

"தெரியும்மா. நான் பாத்தேன்."

வானொலியில் ஹாகன் சொன்னார்: பாதி ஆட்டத்தில் என் பையன்கள் முட்டி போட்டார்கள், கர்த்தர் கேட்டார். முட்டி போடாத ஒருவன் என்ன சொன்னான் என்பதை அவர் சொல்லவில்லை. நூற்று அறுபத்து நாலு கஜம் ஓடிய மோப்ளியின் படம் பத்திரிகையில் வந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், நிருபரிடம் அவன் ஐந்து பேர் பெயரையும் சொன்னான். இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

ஜூனில் தாள் வந்தது. ஒரே வரி. அடுத்த கல்வியாண்டுக்கு உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை.

ஓரிஸ் ஊன்றுகோலோடு ஹாகன் அறைக்குப் போனான். சுவர் அலமாரியில் புதிய கோப்பை. ஹாகன் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. அந்த வேலையைத் தாள் செய்தது.

"டாக்டர் இனி ஆட முடியாதுன்னுட்டாருப்பா. ஆட முடியாதவனுக்கு இடம் வச்சா, ஆடுறவன எங்க வைக்கிறது? என் கையில என்ன இருக்கு சொல்லு."

"நாலு வருஷம்னீங்க, எங்கம்மாகிட்ட."

"மனசாரத்தான் சொன்னேன்."

"முட்டியப் பத்தி நானாத்தான் சொன்னேன் கோச். சொல்லாம இருந்திருந்தா தோத்திருப்போம்."

ஹாகன் மேசைக்கு மேல் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. "அன்னிக்குக் கர்த்தர் உன்னப் பயன்படுத்தினாருடா தம்பி."

ஓரிஸ் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பு நீக்கி, மேசையில் அவர் பக்கம் தள்ளினான்.

"அப்ப அவரையே இதுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அவர் போடவில்லை. யாரும் போடவில்லை.

மறுநாள் ஓரிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனான். டூலி பாதி வழியில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கூடவே நடந்தான். அம்மா வேலை பார்த்த ஆலையிலேயே, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று ஓரிஸுக்குக் கிடைத்தது. வண்டியில் வந்திறங்கும் மீனை எடைபோட்டு எழுதுவது. சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், சில பருவம் அதுவும் இல்லை. ஓராண்டில் முடிந்திருக்க வேண்டிய படிப்பை முடிக்கப் பதினோரு ஆண்டு ஆயிற்று. முப்பத்து மூன்று வயதில், காலவேக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்கு முன்னால் நின்று இரண்டு கோடு இழுத்தான். நின்றது ஒரு காலில். மற்றது மடங்கவும் மடங்காது, முழுசாக நிமிரவும் நிமிராது.

பார், கடைசியில் ஜெயித்துவிட்டானே என்று யாராவது இதைக் கேட்டுக் கண் துடைத்தால், தயவுசெய்து வேண்டாம். அவன் ஜெயித்தது நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்தது திருட்டு. பத்து வருடம், ஒரு முட்டி. எடுத்தவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை, எடுத்ததாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த மாதிரித் தாள்கள் டெல்டாவில் மட்டும் எழுதப்படுவதில்லை. உங்கள் தெருவில் ஓடுகிற, குதிக்கிற, மோதுகிற ஏதோ ஒரு பெண்ணையோ பையனையோ தேடி, நாளைக்கு ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து யாராவது வருவார்கள். நன்றாகச் சாப்பிடுவார்கள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். தாளை வாங்கிச் சத்தமாக, பொடி எழுத்து உட்பட, எல்லாருக்கும் கேட்கும்படி படியுங்கள். எத்தனை வருடம் என்று கேளுங்கள். அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். வாயால் சொல்வதை அதே தாளில் எழுதித் தரும்வரை பேனாவைக் கையில் கொடுக்காதீர்கள்.